நாவற்பழமும் குடலழற்சி நோயும்

ஆனி பிறந்தது முதல் ஆடி முடியும் வரை, காவிரிப் பாசனப் பகுதியின் வாய்க்காற்கரைகளிலும் கோயில் தோப்புகளிலும் நாவற்பழம் உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்று, நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகம் ஊதா என்று போட்டி போடுவர். முன்பு அப்பழத்திற்கு விலை கேட்பவர் அரியர். இன்று நிலை மாறிவிட்டது. நகரங்களில் பழம் எடை போட்டு நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. கொட்டையும் பொடியாகிப் பொட்டலத்தில் ஏறிவிட்டது. நெல்லி, மணத்தக்காளி, சுண்டை முதலிய மற்றச் சிறுகனிகளுக்கும் இவ்வாறே மதிப்பு உயர்ந்திருக்கிறது. வரப்போரத்துப் பொருளும் உழவர் வீட்டுக்கு வருவாய் தருவது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் இம்மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் கூடவே வந்திருக்கிறது. இக்கனிகளின் பொடி, சாறு, வற்றல் ஆகியவை அடைத்த பொட்டலங்கள் சிலவற்றின்மேல் "குடற்புண்ணை அடியோடு தீர்க்கும்", "பெருங்குடல் நோய்க்கு மாத்திரை வேண்டாம்" என்னும் வகையான வாசகங்கள் காணப்படுகின்றன. தனியார் கடைகளில் மட்டுமன்று. சங்கங்களின் விற்பனைப் பிரிவுகளிலும் இத்தகைய சரக்கு நுழைந்திருப்பதை நாம் தணிக்கைச் சுற்றின்போது கண்டிருக்கிறோம். கனியைக் கனியாகவே விற்க வேண்டும். நோயை மருத்துவரிடமே காட்ட வேண்டும் என்பது நமது கருத்து. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் யாது?

"குடற்புண்" என்னும் ஒரே சொல்லை நம் மக்கள் பல நோய்களுக்கும் வழங்குகின்றனர். பசித்த வேளையில் மேல்வயிறு எரிவதும் குடற்புண். வாயுத் தொல்லையும் குடற்புண். மலத்தில் இரத்தம் போவதும் குடற்புண். சொல் ஒன்றாயினும் நோய்கள் வேறு. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் தோன்றும் புண் பெரும்பாலும் ஒருவகைக் கிருமியாலோ, வலி மாத்திரைகளாலோ உண்டாவது. அதனைச் சில வாரச் சிகிச்சையில் ஆற்றிவிடலாம். நாம் இங்கே பேசுவது அதுவன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறிக் குடலின் உட்சுவரைத் தாக்கி, அங்கே ஓயாத அழற்சியை மூட்டும் நோயைப் பற்றியதே நமது பேச்சு.

இந்நோயில் முக்கியமான பிரிவுகள் இரண்டு. பெருங்குடலின் உட்பரப்பில் மட்டும் புண்ணை உண்டாக்குவது ஒன்று. இலண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்னும் மருத்துவர் 1859-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக விவரித்தார். மற்றொன்று வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் தோன்றக்கூடியது. குடற்சுவரை ஆழமாகத் தாக்கி, நாளடைவில் குடலைச் சுருக்கிவிடவும் வல்லது. 1932-இல் நியூயார்க்கில் இதனைத் தம் துணைவர் இருவருடன் விவரித்த கிரோன் என்பவரின் பெயராலேயே இது வழங்குகிறது. இவ்விரண்டும் தொற்று நோய்களல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுவதில்லை. பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையே, அதாவது உழைத்துப் பொருளீட்டும் பருவத்திலேயே, பெரும்பாலும் இவை தலைகாட்டுகின்றன.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கேது என்று எண்ணுவதற்கில்லை. பஞ்சாபில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை வீடு வீடாக ஆராய்ந்து, 2003-இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, பெருங்குடற் புண் நோய் அங்கே ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேருக்கு இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்திய மக்களிடையே இந்நோய் அந்நாட்டாரைவிட மிகுதியாகத் தோன்றியது என்று 1992-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆகவே நம் உடல் இந்நோய்க்கு விலக்கன்று. சூழ்நிலையும் உணவும் வாழ்க்கை முறையும் மாறினால் அது நம்மையும் பற்றும் என்பது தெளிவு. நகர வாழ்க்கை கிராமத்தினுள்ளும் பரவிவரும் இந்நாளில் இதனை நாம் அறிந்திருத்தல் நலம்.

தறிக்கும் வயலுக்கும் இதனால் வரும் கேடு

குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவர் ஒரு நாளில் எட்டு முறை, பத்து முறை எழுந்து ஓட நேர்ந்தால் அவர் எதை நெய்ய முடியும்? கால் மிதியில் இருக்கும்போதே வயிறு முறுக்கினால் ஊடை எங்ஙனம் நேராக விழும்? 1955-இல் தொடங்கப்பட்ட திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கம் முதல் சிற்றூர்ச் சங்கங்கள் வரை, நெசவாளருக்குக் கூலி நெய்து கொடுத்த சேலைக்குத்தான். தறியடியில் கழிந்த நேரத்திற்கன்று. அவ்வாறே நடவு வயலில் நாற்றுப் பிடித்து நிற்கும் பெண்ணுக்கு அவசரத்திற்கு ஒதுங்க இடமில்லை. அவர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். காரணத்தை எவரிடமும் சொல்வதில்லை. கேட்பவர்க்கு "உடம்பு சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்.

வெட்கத்தால் மறைக்கப்படும் நோய் இது. மறைப்பதால் காலம் கடக்கிறது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்வர்; சளியோடு போனால் சீதபேதி என்பர். இரண்டு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நாள் போகும். இதற்கிடையில் இரத்தம் குறைந்து, உடல் மெலிந்து, கண் வெளிறி, மூச்சு வாங்கத் தொடங்கும். நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. குடலைப் பற்றும் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே போலிருக்கும். காசநோயுள்ளவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்நோய் பெருகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் குழாய் செலுத்திக் குடலை நேரில் பார்த்து, துணுக்கு எடுத்துச் சோதித்த பின்னரே மருந்தைத் தீர்மானிக்கின்றனர். அனுபவமுள்ள மருத்துவரே இவ்வளவு தயங்கும் இடத்தில், பொட்டலத்தின்மேல் அச்சடித்த ஒரு வரி அந்நோயைத் தீர்த்துவிடும் என்று நம்புவது எங்ஙனம்?

சிறுகனிகளைப் பற்றி ஆராய்ச்சி கூறுவது

இவ்வாறு சொல்வதால் கனிகளுக்கு நற்குணமே இல்லை என்று நாம் வாதிப்பதாக எவரும் கருதலாகாது. உண்மையில் விஞ்ஞானிகள் இத்துறையில் அக்கறையோடு உழைத்து வருகின்றனர். நாவற்பழத்தின் ஊதா நிறத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் எனப்படும் நிறப்பொருள். குளிர்நாடுகளில் விளையும் பில்பெரி, புளூபெரி முதலிய கருநீலக் கனிகளிலும் இந்த இனத்து நிறப்பொருளே மிகுதி. இதில் சிறு பகுதியே சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது; பெரும்பகுதி பெருங்குடலுக்குச் சென்று அங்கு வாழும் நுண்ணுயிர்களால் மாற்றமடைகிறது. நோய் இருக்கும் இடத்திற்கே இப்பொருள் போய்ச் சேர்வதால், அங்கே அழற்சியைத் தணிக்குமோ என்னும் கேள்வி எழுந்தது இயல்பே.

அமெரிக்காவில் 2018-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பெருங்குடல் அழற்சியுள்ள சுண்டெலிகளுக்கு ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பொடியாக ஊட்டிப் பார்த்தனர். மனிதர் கணக்கில் நாளொன்றுக்கு முக்கால் கோப்பைப் பழத்திற்குச் சமமான அளவில் கொடுத்தபோது, எலிகளின் நோய்க்குறிகள் குறைந்தன. இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் எலியில் கண்டது மனிதரிடமும் காணப்படும் என்பதற்கு உறுதியில்லை என்பதைப் பலர் கருதவில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மனிதரிடமே இச்சோதனை நடந்தது. மிதமான பெருங்குடற் புண் உள்ள 13 பேருக்கு ஆறு வார காலம் நாடோறும் பில்பெரித் தயாரிப்பைக் கொடுத்து, முடிவை 2013-இல் வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு நோய் குறைந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு அடங்கியது. குடலின் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்னும் பொருளின் அளவும் மலத்தில் இறங்கியது. கேட்க இனிய செய்திதான். ஆனால் முழுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். கனியை நிறுத்தியபின் அந்த அளவு மீண்டும் ஏறியது. சோதனைக்கு உட்பட்டவர் பதின்மூவரே. ஒப்பிட்டுப் பார்க்க, கனி பெறாத வேறொரு குழு அதில் இல்லை.

இக்குறையை நீக்கவே, அதே நிறப்பொருளின் சாரத்தை ஒரு சாராருக்கும், அதைப் போன்ற போலி மருந்தை மற்றொரு சாராருக்கும் கொடுத்து மற்றொரு சோதனை நடத்தினர். அதன் முடிவு 2024-இல் வெளியாயிற்று. சாரம் உண்டவருக்குக் கால்புரோடெக்டின் அளவில் நன்மை தென்பட்டது உண்மை. ஆனால் எதனை முதன்மையாக நிலைநாட்டக் கருதினரோ, அதில் இரு சாராருக்கும் இடையே ஐயத்திற்கிடமின்றி வேற்றுமை காட்ட முடியவில்லை. ஆகவே இன்றைய நிலையை ஒரே வாக்கியத்தில் கூறலாம்: நம்பிக்கைக்கு இடமுண்டு, மருந்து என்று முத்திரையிட இடமில்லை.

போலி மருந்துச் சோதனை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இந்நோயின் இயல்பில்தான் அதற்கு விடை இருக்கிறது. இது தானே பொங்கும், தானே அடங்கும், மாதக்கணக்கில் ஓய்ந்திருந்து மீண்டும் கிளம்பும். பொங்கிய வேளையில்தான் மனிதர் புதுப் பண்டத்தை நாடுவர். அதன்பின் நோய் தன் போக்கில் அடங்கினாலும், புகழ் அப்பண்டத்திற்கே சேர்கிறது. விடிய விடிய மழை பெய்த வயலில், மாலையில் நான்கு சால் இறைத்தவன் தன் ஏற்றமே வயலை நிரப்பியது என்று சொல்லிக்கொள்வது போன்றதே இது. "என் கண்ணால் கண்டேன், இன்னாருக்குக் குணமாயிற்று" என்பவர் பொய் சொல்லவில்லை. மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

நம் கரையோரக் கனிகள்

இனி நம் கனிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். நாவல் நல்ல உணவு. சற்றே துவர்ப்பும் இனிப்பும் கொண்டது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அளவோடு உண்பதற்குப் பெரும்பாலோருக்குத் தடையில்லை. ஆனால் நோய் பொங்கியிருக்கும்போது தோலும் நாரும் மிக்க பழங்கள் வயிற்றை மேலும் அலைக்கழிக்கும். கிரோன் நோயால் குடல் சுருங்கியவர், விதையும் தடித்த தோலும் உள்ளவற்றை விழுங்கினால் அடைப்பு ஏற்படவும் கூடும். மேலும், கருநிறக் கனிகளை மிகுதியாக உண்டால் மலம் கருத்துக் காண்பதுண்டு. அதனைக் கண்டு அஞ்சுபவரும் உண்டு. அதைவிடக் கேடானது, உண்மையிலேயே குடலில் இரத்தம் கசிந்து கருத்த மலத்தை "நாவற்பழம் தின்றதால்" என்று தள்ளிவிடுவது.

நெல்லிக்காய் வைட்டமின் சி சத்தில் தலைசிறந்தது. நூறு கிராமில் 250 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 80 மில்லிகிராம் அளவே. இச்சத்து உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுவதால், இரத்தம் இழந்து தேறிவருபவருக்குப் பொருத்தமான துணை. எனினும் புளிப்பு மிகுந்தது. வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பது எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஊறுகாயாக்கினால் உப்பும் காரமும் கூடிவிடுகின்றன.

மணத்தக்காளியை வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துக் கொடுத்து வருகின்றனர். மோரில் ஊறவைத்து வெயிலில் காய்த்த மணத்தக்காளி வற்றலும் சுண்டை வற்றலும் இல்லாத தஞ்சை வீட்டு வற்றற்குழம்பு ஏது? இவ்வழக்கத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் மணத்தக்காளியின் பச்சைக்காயில் கசப்பு நஞ்சு ஓரளவு உண்டாகையால், பச்சையாகத் தின்னலாகாது. வற்றலில் உப்பு அதிகம். தவிரவும், வாய்ப்புண்ணுக்கு வழங்கிய பண்டம் பெருங்குடற் புண்ணையும் ஆற்றும் என்று தாவுவதற்கு ஆதாரம் இல்லை. "புண்" என்னும் சொல் இரண்டிற்கும் பொதுவாயிருப்பது ஓர் ஆதாரமாகாது.

நெல் விளையும் நாட்டினராகிய நாம் இங்கே வேறொன்றையும் நினைவுகூர வேண்டும். பெருங்குடல் நலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நம் பழைய சோற்றுப் பானையையும் விட்டுவிடவில்லை. சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலைச் சேரும் ஒருவகை மாவுப்பொருளை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, குடற்சுவரின் அணுக்களுக்கு உணவாகும் அமிலங்களை ஆக்குகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணா முதலியோர், இத்தகைய மாவை உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து வாந்திபேதி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பேதி குறைவதைக் கண்டு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆறிய சோற்றிலும் இம்மாவு ஓரளவு உண்டு. பழைய சோறு குடலழற்சி நோயாளிகளுக்கு எவ்வளவு உதவும் என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் அரசின் ஆதரவுடன் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. முறை இதுதான்: மரபான உணவை இகழாமலும், ஆராயுமுன் மருந்தென்று பறைசாற்றாமலும், அளந்து பார்ப்பது. கனிகளுக்கும் இதே முறையை வேண்டுகிறோம்.

மருந்தை நிறுத்தினால் நேர்வது

பொட்டலத்தின் கேடு அதன் உள்ளே இருக்கும் பொடியால் வருவது குறைவு. அதை நம்பி மருந்தை நிறுத்துவதால் வருவதே மிகுதி. நமக்குத் தெரிந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர், வயது முப்பதுக்கு உட்பட்டவர், பெருங்குடற் புண்ணுக்கு இரண்டாண்டு ஒழுங்காக மாத்திரை உண்டு நலமாயிருந்தார். பின்னர் எவரோ சொல்லக் கேட்டு மாத்திரையை விடுத்துக் கொட்டைப் பொடியையும் நெல்லிச் சாற்றையும் கைக்கொண்டார். முதல் மூன்று மாதம் தொல்லையில்லை. அதுவே பொடிக்குச் சான்றிதழாயிற்று; அவர் பிறருக்கும் அதைச் சிபாரிசு செய்தார். நான்காம் மாதம் இரத்தம் போகத் தொடங்கியது. பொடியின் அளவை இரட்டித்தார். ஆறாம் மாதம் அவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்து இரத்தம் ஏற்ற நேர்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் ஓராண்டு தறி ஓடவில்லை. பாவு கட்டிய பட்டுநூல் அப்படியே கிடந்தது. வட்டியோ கிடக்கவில்லை, வளர்ந்தது.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. சுவீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நன்னா ஸ்வார்ட்ஸ் 1940-ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்த சல்பாசலசின் என்னும் மாத்திரையும், அதிலிருந்து பிறந்த மெசலசினும் இன்றும் பயன்படுகின்றன. நோய் கடுமையாகும்போது ஸ்டிராய்டு மருந்து கொடுப்பர். அதனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்கும் அடங்காதவர்க்கு வேறு புதிய மருந்துகளும் வந்துள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை நோயை வேரோடு களைவனவல்ல. கரை உடையாமல் காப்பன. வெள்ளம் வராத ஆண்டில் கரையைப் பேணுவது வீண் செலவு என்று எந்த மிராசுதாரும் சொல்லமாட்டார். நலமாயிருக்கும் மாதங்களில் மாத்திரை உண்பதும் அத்தகையதே. மேலும் பெருங்குடல் அழற்சி பல்லாண்டு நீடித்தால் அவ்விடத்தில் புற்று தோன்றும் வாய்ப்பு கூடுவதால், எட்டாண்டு கடந்தவர்களை அவ்வப்போது குடலைச் சோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். பொடியை மட்டும் நம்பியவர் இச்சோதனைக்கும் போவதில்லை.

"ஆங்கில மருந்துக்குச் செலவு தாளாது, ஆயுள் முழுதும் யார் வாங்குவது?" என்று கேட்பவருக்கு நாம் சொல்வது இதுதான். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் வாசலில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பார்வைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. மாதந்தோறும் பொடிக்கும் சாற்றுக்கும் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், எது மலிவு என்பது விளங்கும். பேருந்துச் சத்தமும் ஒரு நாள் கூலியும் போவது மெய்யே. அந்த அளவுக்குச் சங்கம் தோள் கொடுக்கலாம்.

சங்கத்தின் கடமை

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் அட்டவணையில், இரைப்பை, குடற்பாதைப் புண்களும் இடம் பெற்றுள்ளன. இவற்றைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டும் விளம்பரமே. உணவுப் பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்திற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "தயாரித்தவன் எழுதியது, எங்களுக்கென்ன?" என்று நிர்வாகக் குழுவினர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சட்டத்தைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. தனியார் கடையில் வாங்குபவர் ஐயத்தோடு வாங்குவார். "நம் சங்கத்தில் வாங்கியது" என்றால் ஐயமின்றி உண்பார். அந்த நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம். அதனை ஒரு பொட்டலத்தின் இலாபத்திற்காக ஈடு வைக்கலாகாது.

ஆகவே நாம் சில யோசனைகளைக் கூறுகிறோம். முதலாவது, நோயின் பெயரைத் தாங்கிய எந்தத் தின்பண்டத்தையும் சங்கக் கடையில் வைப்பதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவது, சங்கமே அடைத்து விற்கும் கனிகளிலும் வற்றலிலும் பொருளின் பெயர், நிறை, அடைத்த நாள், சேர்த்த உப்பு முதலியவை, உரிம எண் ஆகியவற்றைத் தெளிவாகப் பொறிக்க வேண்டும். நல்ல நாவற்பழத்திற்கு நோயின் பெயர் சொல்லி ஆள் பிடிக்க வேண்டியதில்லை, சுவையே விற்றுத்தரும்.

மூன்றாவது, தூய்மை. தரையில் உதிர்ந்து நசுங்கி, வாய்க்கால் நீரில் கழுவிய பழம் எவருக்கும் ஏற்றதன்று. குடலழற்சிக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவருக்கோ அது தீங்கே தரும். மரத்தடியில் வலையோ துணியோ கட்டிப் பழம் பிடித்து, நல்ல நீரில் கழுவி, அன்றே அனுப்ப ஏற்பாடு செய்தால் பழத்திற்கு விலையும் கூடும். பொறுக்கும் பெண்களுக்குக் கூலியும் கூடும். தரகர் கைக்குப் போகும் பங்கு அவர்கள் கைக்கே வரும்படி சங்கம் நேரில் கொள்முதல் செய்யலாம். உண்மையான இலாபம் இவ்வழியில்தான் இருக்கிறது.

நான்காவது, சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் சில வரிகளை எழுதி வைக்க வேண்டும். மலத்தில் இரத்தம் காணுதல், மூன்று நான்கு வாரத்திற்கு மேல் பேதி நிற்காமை, இரவில் உறக்கம் கலைந்து மலம் கழிக்க எழுதல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் நாட்டு வைத்தியம், கைவைத்தியம் என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுக என்பதே அவ்வரிகள். நெசவாளருக்கும் நடவு செய்பவருக்கும் இடுப்பு வலி இயல்பாகையால், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இந்நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதலாம். ஐந்தாவது, நீண்ட நோயில் விழுந்த அங்கத்தினரின் கடன் தவணையை, விதிகள் இடந்தரும் அளவுக்கு ஒத்திவைக்கக் குழு தயங்கலாகாது.

நோயுற்ற அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. நாவல் வேண்டாம், நெல்லி வேண்டாம் என்று எல்லாவற்றையும் விலக்கி வெறுஞ்சோறு உண்டு மெலிவதும் தவறு. இந்நோய் பிடித்தவருக்குச் சத்துணவே பெருந்துணை. எது ஒத்துக்கொள்கிறது, எது கொள்ளவில்லை என்பதை ஒரு சிறு புத்தகத்தில் நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதனையும், தாங்கள் உண்ணும் பொடி, சாறு அனைத்தின் பெயரையும் மறையாமல் காட்டுங்கள். மறைப்பதால் இழப்பவர் மருத்துவர் அல்லர்.

வாய்க்காற்கரை நாவல் மரம் நம் பாட்டனார் காலத்துச் செல்வம். அதன் நிழலும் கனியும் நமக்கு உரியவை. அடுத்த ஆனி மாதம் வருமுன், ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் தன் கடை அலமாரியை ஒருமுறை தட்டுத் தட்டாகப் பார்வையிடட்டும். பழம் பழமாகவும் வற்றல் வற்றலாகவும் இருந்தால் வைத்துக்கொள்க. வைத்தியர் வேடம் பூண்ட பொட்டலம் இருந்தால், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புக.